கலங்கலான பீர் கெட்டுப்போனதா?

வணக்கம். இந்திராநகர் மதுக்கூடம் ஒன்றில் கொடுத்த பீர் கலங்கலாகவும் வாழைப்பழமும் கிராம்பும் கலந்த மணத்துடனும் இருந்ததால், அது கெட்டுவிட்டதோ என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அது ஜெர்மனியின் பவேரியாவுக்குரிய ஹெஃபெவைசன் என்னும் கோதுமை பீராகவே இருக்க வேண்டும். அதற்குச் சேர்க்கும் மால்ட்டில், அதாவது முளைக்கவைத்து உலர்த்திய தானியத்தில், குறைந்தது பாதியளவு கோதுமையாக இருக்கும். வடிகட்டாமல் விடுவதால் ஈஸ்ட்டும் கோதுமைப் புரதமும் மிதந்து கலங்கலைத் தருகின்றன. அந்த வாழைப்பழ மணம், பழம் எதுவும் சேர்க்காமலேயே, நொதிக்கும்போது ஈஸ்ட் உண்டாக்கும் ஐசோஅமைல் அசிடேட் என்னும் வேதிப்பொருளால் வருவது. பழுத்த வாழைப்பழத்தில் இருப்பதும் இதே பொருள்தான் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நாம் பழகிய பாட்டில் பீர், 1842-இல் செக் நாட்டுப் பில்சன் நகரில் பிறந்த வெளிர்பொன் நிற லாகர் என்னும் பீர் வகையின் வழிவந்தது. குளிரில் மெதுவாக நொதித்து, வடிகட்டப்படுவதால் தெளிந்திருக்கும். காடியின் புளிப்பு வாடை வந்திருந்தால் மட்டும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள்.