விட்டு விட்டு நிற்கும் எஞ்சின்: பழைய கார் வைத்திருப்போரின் கேள்விகளுக்குப் பதில்கள்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வகையான தொல்லையைப் பற்றியவை: வழியில் நின்றுவிடும் கார், பட்டறைக்குப் போனதும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது. இத்தகைய கோளாற்றை அது நிகழ்ந்துகொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் சோதித்தால்தான் காரணம் தெரியவரும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதால் செலவுதான் மிஞ்சும். கீழே உள்ள பதில்கள் அனைத்தும் இந்த எண்ணத்தோடு எழுதப்பட்டவை.

கேள்வி (மதுரை): ஐயா, என்னுடையது 1998-ஆம் ஆண்டு மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் எந்தக் குறையும் இல்லை. மதிய வெயிலில் நெரிசலில் சிறிது நேரம் ஓடினால் நின்றுவிடுகிறது. அரைமணி நேரம் விட்டுவைத்தால் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. பிளக்குகளை மாற்றினோம், கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். பயன் இல்லை.

பதில்: சூடானால் நின்று, ஆறினால் ஓடுகிறது என்று நீங்கள் சொல்வதே பாதி விடை. சூட்டில் கெட்டுப்போகும் பொருள்கள் உங்கள் எஞ்சினில் சிலவே. பொறிக்கு வேண்டிய உயர் மின்னழுத்தத்தைத் தரும் இக்னிஷன் காயிலின் உள்ளே சுற்றியிருக்கும் மெல்லிய கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்து, ஆறியதும் மீண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும். டெல்கோவுக்குள் (பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து தரும் டிஸ்ட்ரிபியூட்டர்) இருக்கும் இக்னைட்டர் என்ற எலக்ட்ரானிக் சுவிட்சும், அதற்குப் பதிலாகப் பாயிண்ட் (தொட்டு விலகி மின்சாரத்தை விட்டு அறுக்கும் முனைகள்) வைத்த வண்டியாக இருந்தால் கண்டென்சரும் அதேபோல் நடந்துகொள்ளும். பெட்ரோல் குழாய் எஞ்சினின் சூட்டை வாங்கினால், உள்ளே இருக்கும் பெட்ரோல் ஆவியாகிப் பம்பால் இழுக்க முடியாமல் போகும். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பெட்ரோல் வருவது மெல்ல மெல்ல நின்றுவிடும்.

இவற்றில் எது என்பதை வண்டி நின்ற இடத்திலேயே கண்டறியலாம். அதற்காக நல்ல ஸ்பார்க் பிளக் ஒன்று, பன்னிரண்டு வோல்ட் டெஸ்ட் லேம்ப் ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று, பழைய துணி ஆகியவற்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நின்றவுடன் முதலில் டேங்க் மூடியைத் திறங்கள். காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் பலமாகக் கேட்டு, அதன்பின் வண்டி விரைவில் ஸ்டார்ட் ஆனால் மூடிதான் குற்றவாளி. அப்படி இல்லையென்றால் மூடியை மூடிவிட்டு, ஒரு பிளக் ஒயரைக் கழற்றிக் கையிலுள்ள பிளக்கில் மாட்டி, அதன் உடல் எஞ்சின் இரும்பில் நன்றாகப் படும்படி கார்புரேட்டரிலிருந்து தள்ளி வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். ஒயரைக் கையால் பிடிக்க வேண்டாம். பெட்ரோல் கசிவோ வாடையோ இருந்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

நீல நிறப் பொறி பலமாக வந்தால் மின்சாரப் பக்கத்தை விட்டுவிட்டுப் பெட்ரோலைத் தேடுங்கள். ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, எஞ்சின் நின்றிருக்கும் நிலையிலேயே கார்புரேட்டரின் வாயைப் பார்த்தபடி ஆக்சிலேட்டரை அழுத்தினால் பெட்ரோல் பீய்ச்சி வர வேண்டும். வராவிட்டால் பம்பின் மீதும் குழாயின் மீதும் ஈரத்துணியைச் சுற்றிச் சில நிமிடம் காத்திருங்கள். உடனே உயிர் வந்தால் ஆவிதான் காரணம். குழாய் எஞ்சினை ஒட்டிப் போகிறதா, டேங்குக்குத் திரும்பும் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

பொறி வராவிட்டால், சாவி போட்ட நிலையில் காயிலின் பாசிட்டிவ் முனையில் டெஸ்ட் லேம்பை வையுங்கள். அங்கே விளக்கு எரியாவிட்டால் கோளாறு சாவி சுவிட்சிலோ ஃபியூஸிலோ ஒயரிலோ இருக்கிறது. எரிந்தால், லேம்பின் கிளிப்பைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையைக் காயிலின் நெகட்டிவில் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். விளக்கு மினுக்கினால் பாயிண்ட் அல்லது இக்னைட்டர் தன் வேலையைச் செய்கிறது, முதலில் காயிலைச் சந்தேகியுங்கள். மினுக்காவிட்டால் பாயிண்ட் அல்லது இக்னைட்டர் பக்கம் பாருங்கள். இவ்வளவையும் வண்டி ஆறுவதற்குள் செய்துவிடலாம். ஆறிய பிறகு செய்தால் எல்லாம் சரியாகவே இருப்பதாகத் தெரியும்.

இன்னொன்று: எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர் ஹோஸ்களையும் டயஃப்ரம்களையும் இளக்கிவிடக்கூடும். உங்கள் வண்டியின் ஹோஸ்கள் தொழிற்சாலையில் போட்டவையாகவே இருந்தால், கோளாறு எதுவாயினும் அவற்றை மாற்றிவிடுங்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உள்ள இடத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

கேள்வி (ஈரோடு): 2004-ஆம் ஆண்டு சான்ட்ரோ. சிக்னலில் நிற்கும்போது எப்போதாவது எஞ்சின் நின்றுவிடுகிறது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தார்கள், எந்தக் கோளாறும் பதிவாகவில்லையாம்.

பதில்: ஸ்கேனரில் ஒன்றும் இல்லை என்பதற்குக் கோளாறு இல்லை என்று பொருள் இல்லை. ஒரு சென்சாரின் அளவு அனுமதித்த எல்லையைத் தாண்டி, குறிப்பிட்ட நேரம் அப்படியே இருந்தால்தான் எஞ்சின் கம்ப்யூட்டர் அதைப் பதிவு செய்யும். கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துபோகும் தொடர்பு அறுதலை அது கவனிக்காமலே விட்டுவிடலாம். இந்தியாவில் 2010 முதல் பிஎஸ்4 என்ற புகை விதிகளோடுதான் ஓபிடி, அதாவது வண்டியே தன் கோளாறைக் கண்டு பதிவு செய்யும் ஏற்பாடு, படிப்படியாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகளின் கணினி சொல்லும் விவரம் இன்னும் குறைவு.

எனவே எஞ்சின் எப்படி நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். சாவியைத் திருப்பி அணைத்ததுபோல் ஒரே நொடியில் நின்றால் மின்சாரம் அறுகிறது: கிராங்க் சென்சார் (எஞ்சினின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது), மெயின் ரிலே, சாவி சுவிட்ச், எர்த் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். திணறி, குலுங்கி, தாழ்ந்து நின்றால் பெட்ரோலோ காற்றோ சரியாகக் கிடைக்கவில்லை. சிக்னலில் மட்டும் தாழ்ந்து நிற்பதானால் முதலில் த்ராட்டில் பாடியில் (எஞ்சினுக்குக் காற்று நுழையும் வாய்) படிந்த கார்பனையும், ஐடிலிங் காற்றைக் கட்டுப்படுத்தும் வால்வையும், உரிய கிளீனரால் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஒரு வேக்கம் ஹோஸ் (எஞ்சினின் உறிஞ்சலைக் கொண்டுசெல்லும் ரப்பர் குழாய்) வெடித்திருந்தாலும் இதே அறிகுறிதான் வரும். செலவு மிகக் குறைவான இந்த வேலையைச் செய்யாமல் சென்சார்களை வாங்கத் தொடங்க வேண்டாம்.

வண்டி கியரில் உருண்டுகொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றால், அந்த நேரத்தில் ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்றிக்கொண்டிருக்கும்போதே முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தால், சுழற்சியைச் சொல்லும் சிக்னலோ மின்சாரமோ அறுந்திருக்கிறது. இந்தச் சிறு கவனிப்பு பல நாள் தேடலை மிச்சப்படுத்தும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): வணக்கம் ஐயா. அப்பாவின் மொறிஸ் மைனர் இன்றும் எங்களிடம் இருக்கிறது. சில நாட்களில் வழியில் பெற்றோல் வராமல் நின்றுவிடும். பொனற்றைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் சில வேளை ஓடும், சில வேளை ஓடாது. காபரேற்றரைத் திருத்துபவர் அதில் பிழை இல்லை என்கிறார்.

பதில்: உங்கள் ஊரில் இந்தக் கார்களை இத்தனை காலம் பேணி வைத்திருப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. உங்கள் காரில் பெற்றோலை இழுப்பது எஸ்யூ மின்பம்ப். எஞ்சின் அறையில் பின்பக்கத் தகட்டில் அது பொருத்தப்பட்டிருக்கும். சாவியைப் போட்டதும் டிக் டிக் என்று அடித்து, கார்புரேட்டர் கிண்ணம் நிறைந்ததும் நிதானித்து நிற்க வேண்டும். அதற்குள்ளும் ஒரு ஜோடி பாயிண்ட் உண்டு. அது கருகிப் போனால் சில நேரம் ஒட்டிக்கொள்ளும், சில நேரம் தொடாது. அடுத்த முறை நிற்கும்போது சாவியைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். சத்தமே இல்லையென்றால் ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் பம்பின் உடலை மெதுவாகத் தட்டுங்கள். தட்டியதும் அடிக்கத் தொடங்கினால் காரணம் கிடைத்துவிட்டது. தட்டியும் பயனில்லையென்றால் பம்புக்கு வரும் மின்சாரத்தையும், அதன் எர்த் ஒயரையும் டெஸ்ட் லேம்பால் பாருங்கள். மாறாக ஓயாமல் வேகமாக அடித்தும் பெற்றோல் வரவில்லையென்றால், டேங்கிலிருந்து வரும் குழாயில் எங்கோ காற்று இழுக்கிறது.

பாயிண்டுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் வகைக்கு மாற்ற நினைத்தால் ஓர் எச்சரிக்கை. இந்தக் கார்கள் பாசிட்டிவ் எர்த்தோடு, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைக்கப்பட்டு வந்தவை. உங்கள் வண்டியை யாரேனும் இடையில் மாற்றியிருக்கிறார்களா என்று பேட்டரியைப் பார்த்து உறுதி செய்த பிறகே உதிரிப்பாகத்தை வாங்குங்கள். தவறான வகையை இணைத்தால் நொடியில் கருகிவிடும்.

கேள்வி (நாகர்கோவில்): மழை பெய்தால் மட்டும் மிஸ்ஸிங் வருகிறது.

பதில்: டெல்கோ மூடியில் மயிரிழை விரிசல், அல்லது பிளக் ஒயரின் உறையில் வெடிப்பு. இரவில், வெளிச்சம் இல்லாத இடத்தில் எஞ்சினை ஓடவிட்டு, ஒயர்களின் மேல் தண்ணீரைப் பனிபோலத் தெளியுங்கள். மின்சாரம் கசியும் இடத்தில் பொறி கண்ணுக்கே தெரியும். துடைத்துவிட்டுப் பயன்படுத்த நினைக்காமல் மாற்றிவிடுங்கள்.

கேள்வி (சேலம்): வேகத்தடையில் ஏறி இறங்கும்போது எஞ்சின் ஒரு கணம் அணைந்து மீண்டும் பிடிக்கிறது. பேட்டரி புதிது.

பதில்: குலுக்கலில் வருவது பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு. பேட்டரி முனைகள், பேட்டரியிலிருந்து பாடிக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் ஒயர்கள், ரிலேக்களின் கால்கள் ஆகியவற்றை வரிசையாகப் பாருங்கள். எஞ்சினை ஐடிலிங்கில் விட்டு, சுழலும் பெல்ட்டிலிருந்தும் ஃபேனிலிருந்தும் கையையும் உடையையும் விலக்கி வைத்துக்கொண்டு, ஒயர் கட்டுகளை ஒவ்வொன்றாக மெதுவாக அசைத்தால் எந்த இடத்தில் எஞ்சின் தடுமாறுகிறது என்பது தெரியும். எர்த் ஒயர் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் உள்ளே அரித்திருக்கலாம். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை எஞ்சின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரைக் கவனியுங்கள். சாவிக்கொத்து கனமாக இருந்தால், காரின் சாவியைத் தனியாக மாட்டி ஓட்டிப் பாருங்கள். தேய்ந்த சாவி சுவிட்ச் அந்தக் கனத்தில் ஆடியே மின்சாரத்தை விடுவதுண்டு.

கேள்வி (கடலூர்): கிராங்க் சென்சார், பெட்ரோல் பம்ப், ஈசிஎம் மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டால் தீர்ந்துவிடும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு போனாலும் எதனால் போனது என்று தெரியாது. போகாவிட்டால், புதிதாகப் போட்ட மலிவான போலிப் பாகத்தையும் சந்தேகிக்க வேண்டியிருக்கும். ஈசிஎம் என்னும் எஞ்சின் கம்ப்யூட்டர் கெட்டுப்போவது மிக அரிது, அதைக் கடைசியில் வையுங்கள். எம்பிஎஃப்ஐ வண்டிகள் (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டரால் பெட்ரோலைத் தெளிப்பவை) பலவற்றில் பெட்ரோல் அழுத்தம் மூன்று பார் அளவில் இருக்க வேண்டும். கேஜை மாட்டியபடியே ஓட்டிப் பார்க்கும் பட்டறையைத் தேடுங்கள். நீங்களும் ஒரு நோட்டில், நின்ற நேரம், வெயிலா மழையா, டேங்கில் எவ்வளவு பெட்ரோல், எந்த கியர், ஏசி ஓடியதா, மீண்டும் ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரமானது என்பதை எழுதி மெக்கானிக்கிடம் கொடுங்கள். அனுபவமுள்ள மெக்கானிக்குக்கு "அடிக்கடி நின்றுபோகுது" என்ற வாக்கியத்தைவிட அந்த ஒரு பக்கம் பன்மடங்கு உதவும்.

கேள்வி (தஞ்சாவூர்): கோளாறு கண்டுபிடிக்கும் வரை அம்மாவை இதே காரில்தான் வெளியூர் மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன். ஓடும்போது நின்றால் என்ன செய்வது?

பதில்: இயன்றவரை அந்தப் பயணத்துக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். வழியே இல்லையென்றால் இதை நினைவில் வையுங்கள்: எஞ்சின் நின்றதும், மிதிப்பை எளிதாக்கும் பிரேக் பூஸ்டரில் மிஞ்சியிருக்கும் வேக்கம் ஓரிரு அழுத்தங்களுக்கு மட்டுமே உதவும். ஆகவே பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்திப் பிடியுங்கள். பவர் ஸ்டியரிங் இருந்தால் கனமாகிவிடும், இரு கைகளாலும் பலமாகத் திருப்ப வேண்டும். வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது சாவியைப் பூட்டும் நிலைவரை திருப்பிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். எச்சரிக்கை விளக்குகளைப் போட்டு, இடப்பக்க ஓரத்துக்கு வந்து, சாலையை விட்டு விலகி நிறுத்தி, அம்மாவைப் பாதுகாப்பான இடத்தில் இறக்கிய பிறகே பானெட்டைத் திறங்கள்.