தொலைந்துபோன புகார்

அன்புள்ள ஐயா,

ஒரு வாரமாக ஐவன் மிலாட் பற்றிய வீடியோக்களாகவே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ஏழு பேரைக் கொன்றவன். தேர்வு நெருங்கியும் நிறுத்த முடியவில்லை. பதினான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் பிறந்திருக்கிறான். சிறையில் தன் சுண்டு விரலைத் தானே அறுத்து நீதிமன்றத்துக்கு அனுப்பப் பார்த்திருக்கிறான். இப்படி ஒருவன் பிறவியிலேயே கொலைகாரனா, இல்லை வளர்ப்பில் ஆனதா?

க.

அன்புள்ள தம்பி,

இந்த வழக்கைப் பற்றி நானும் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதினான்கு பிள்ளைகள் பிறந்த வீடுகள் உலகத்தில் ஏராளம், அதை விடுங்கள். விரல் கதையும் எனக்கு வேண்டாம். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு வாரம் பார்த்திருக்கிறீர்கள், கடிதம் முழுக்க அவன்தான் இருக்கிறான். அவனிடமிருந்து தப்பி ஓடியவரைப் பற்றி ஒரு வரியாவது உண்டா?

பால் ஆனியன்ஸ். இங்கிலாந்துக்காரர், இருபத்துநான்கு வயது. பழம் பறிக்கும் வேலை தேடி, 1990 ஜனவரி 25 அன்று சிட்னிக்குத் தெற்கே ஹியூம் நெடுஞ்சாலையில் லிஃப்ட் கேட்டு நின்றார். பெரிய மீசை வைத்த ஒருவன் வண்டியில் ஏற்றிக்கொண்டான். பெயர் பில் என்றான். மிட்டகாங் என்ற ஊரைத் தாண்டியதும் வேகம் குறைந்தது, அடிக்கடி கண்ணாடியைப் பார்த்தான், சீட்டுக்கு அடியில் கேசட் இருக்கிறது என்று ஓரமாக நிறுத்தினான். வெளியே எடுத்தது துப்பாக்கி, அப்புறம் கயிறு. ஆனியன்ஸ் பையையும் பாஸ்போர்ட்டையும் போட்டுவிட்டுக் கதவைத் திறந்து ஓடினார். பின்னால் சுட்டான். எதிரே வந்த வண்டிகளுக்குக் குறுக்கே பாய்ந்து ஒன்றை நிறுத்தினார். ஓட்டி வந்த பெண்ணோடு அவருடைய சகோதரியும் குழந்தைகளும் இருந்தார்கள். குழந்தைகள் இருக்கும் வண்டியில், யாரென்றே தெரியாமல், துப்பாக்கிக்காரன் துரத்தும் ஒருவனை ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் நேரே பௌரல் காவல் நிலையத்துக்குப் போனார். உங்கள் வீடியோக்கள் இந்தப் பெண்ணுக்கு எத்தனை நிமிடம் கொடுத்தன என்று பாருங்கள்.

நிலையத்தில் புகார் எழுதிக்கொண்டார்கள். ஆளின் தோற்றம், வண்டி, நடந்த இடம் எல்லாம் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. இங்கேதான், தம்பி, தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். மிலாட் கொன்றவர்களின் உடல்கள் பெலாங்லோ என்ற காட்டில் பிற்பாடு கிடைத்தன. அந்த ஏழு பேரில், இந்தப் புகாருக்கு முன்பு காணாமல் போனவர்கள் இருவர் மட்டுமே. 1991 ஜனவரியில் ஒரு ஜெர்மன் பெண், அந்த ஆண்டு டிசம்பரில் ஒரு ஜெர்மன் ஜோடி, 1992 ஏப்ரலில் இரண்டு பிரிட்டிஷ் பெண்கள். ஐந்து பேரும் புகாருக்குப் பிறகு. உயிரோடு வந்து வாயால் சொன்ன ஒருவர் இருந்தார், நான்கு ஆண்டுகள் யாரும் அதைப் பின்தொடரவில்லை. 1971லேயே, லிஃப்ட் கேட்ட இரண்டு பெண்களை ஏற்றிச்சென்று ஒருத்தியைப் பலாத்காரம் செய்ததாக மிலாட்மேல் வழக்கு வந்து, கடைசியில் விடுதலையாகியிருந்தான். இதையெல்லாம் விட்டுவிட்டு அவன் தலைக்குள் என்ன இருந்தது என்று தோண்டிக்கொண்டிருப்பது எனக்கு ஆத்திரத்தைத் தருகிறது. காகிதத்தைத் தூக்கி ஓரமாக வைத்தவர்கள் தலைக்குள் என்ன இருந்தது என்று ஏன் யாருமே கேட்பதில்லை?

கொடுமை அதோடும் முடியவில்லை. 1993 நவம்பரில் காட்டில் உடல்கள் கிடைத்த செய்தி இங்கிலாந்தில் காதில் விழ, ஆனியன்ஸ் தானாகவே மறுபடி போலீஸுக்குத் தொலைபேசினார். அந்தக் குறிப்பும் குவியலுக்குள் போய், ஐந்து மாதம் கழித்துத்தான் ஒரு துப்பறிவாளர் கையில் அகப்பட்டது. பௌரலில் கேட்டால் பழைய புகாரைக் காணோம். நல்லவேளை, அன்று புகார் எடுத்த பெண் கான்ஸ்டபிள் தன் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தார். ஆனியன்ஸ் சிட்னிக்கு வந்து படங்களில் மிலாட்டை அடையாளம் காட்டினார். 1994 மே 22 அன்று கைது, 1996 ஜூலையில் தண்டனை. 2019இல் சாகும்வரை அவன் ஒப்புக்கொள்ளவே இல்லை.

இரவில் இதைப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். நன்றாகத் தூங்குங்கள், தேர்வை எழுதுங்கள். பிறகும் இந்த வழக்கு மனதை விட்டுப் போகவில்லை என்றால், அந்தப் பெண் ஓட்டிய வண்டியிலிருந்து தொடங்கிப் படியுங்கள். எனக்கும் எழுதுங்கள்.