கியர் ஆயில் சந்தேகங்கள்: ரங்கூன் பட்டறையிலிருந்து பதில்கள்

கையால் கியர் மாற்றும் வண்டிக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்று கேளுங்கள், சொல்கிறேன் என்றிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, ஊரை மட்டும் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

பெகுவிலிருந்து: அண்ணே, என் நிசான் பிக்கப் புத்தகத்தில் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4 என்று இருக்கிறது. கடைக்காரர் ஜிஎல்-5தான் உசத்தி என்கிறார். அதையே ஊற்றலாமா?

வேண்டாம் தம்பி. பாதிப் பேர் கேட்டது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜிஎல் என்பது கியர் ஆயிலின் வகையைக் காட்டும் குறி. அதில் 4, 5 என்பது பரீட்சை மார்க் இல்லை. இரண்டும் வேறு வேறு வேலைக்கான எண்ணெய். பிக்கப்பின் பின் அச்சில், சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலில் பற்கள் ஒன்றையொன்று அழுத்திக்கொண்டே வழுக்கிச் சுழலும். அந்த அழுத்தத்தில் இரும்பும் இரும்பும் உரசித் தேயாமல் இருக்கக் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தைக் கலக்கிறார்கள். ஜிஎல்-5இல் அது ஜிஎல்-4ஐப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கியர் பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் உண்டு, சிங்க்ரோ என்போம். நீங்கள் மூன்றாவது கியருக்குத் தள்ளும்போது அந்த வளையம் கியரின் கூம்பைப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கும். அதற்குப் பிடிமானம் வேண்டும். ஆயில் அளவுக்கு மீறி வழுக்கினால் வளையம் பிடிக்காது, 'கர்' என்று பல் உரசும். இது முதல் கெடுதல். சூடு ஏறும்போது அந்தக் கந்தகம் பித்தளையை அரிப்பது இரண்டாவது. இப்போது வரும் ஜிஎல்-5 எல்லாமே பித்தளையை அரிக்கும் என்று சொல்ல மாட்டேன். பித்தளைக்குக் கெடுதல் செய்யாத வகையும் வருகிறது. டப்பாவில் 'ஜிஎல்-4' என்றும் எழுதி, சிங்க்ரோ உள்ள கியர் பாக்ஸுக்கு ஏற்றது என்றும் போட்டிருந்தால் சரி. வெறும் ஜிஎல்-5 என்றிருந்தால் டிஃபரன்ஷியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சில வருஷத்துக்கு முன்னால் ஒரு சரக்கு வேன் என்னிடம் வந்தது. வேறொரு பட்டறையில் வெறும் ஜிஎல்-5 ஊற்றி ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது கியர் விழவே இல்லை. வெள்ளை எனாமல் தட்டில் ஆயிலை இறக்கி வெயிலில் சாய்த்துப் பார்த்தேன். தங்கப் பொடியைத் தூவியது போல மினுமினுத்தது. விரலில் தேய்த்தால் ரேகைக்குள் மஞ்சளாக ஒட்டிக்கொண்டது. அவ்வளவும் சிங்க்ரோ வளையம். அந்த வண்டிக்காரர் தினமும் அதை நம்பிப் பிழைப்பவர். கியர் பாக்ஸைப் பிரித்து முடிக்கும்வரை அவர் வாசலிலேயே நின்றதை இன்னும் மறக்க முடியவில்லை.

அதே தம்பி: ஐயோ, போன மாதமே ஊற்றிவிட்டேன் அண்ணே!

பயப்படாதீர்கள், ஒரு மாதத்தில் ஒன்றும் கரைந்துவிடாது. இறக்கிவிட்டுச் சரியானதை ஊற்றுங்கள். உள்ளே கழுவுகிறேன் என்று மண்ணெண்ணெய் மட்டும் விடாதீர்கள்.

ரங்கூனிலிருந்து: எனக்கு டொயோட்டா ஹைலக்ஸ். கியர் பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் ஒரே டப்பா போதும் என்கிறார்களே?

பல டொயோட்டா புத்தகங்களில் கியர் பாக்ஸுக்கு '75டபிள்யூ-90, ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5' என்றே இருக்கும். 75டபிள்யூ-90 என்பது தடிமனுக்கான எண். உங்கள் புத்தகத்திலும் அப்படி இருந்தால் கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-5 தவறில்லை. டிஃபரன்ஷியலுக்கு எந்தத் தடிமன் கேட்டிருக்கிறது என்பதைத் தனியாகப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் தடுக்கும் எல்எஸ்டி வகை டிஃபரன்ஷியல் என்றால் அதற்கென்று எழுதிய ஆயில்தான்.

தவுஞ்சியிலிருந்து: மாமா, மார்கழிக் காலையில் இரண்டாவது கியர் கல் மாதிரி இருக்கிறது. பத்து நிமிஷம் ஓடினால் சரியாகிவிடுகிறது. ஊற்றியிருப்பது வெறும் 90.

உங்கள் ஊர் சுமார் 1,400 மீட்டர் உயரம், விடியற்காலைக் குளிரில் 90 ஆயில் தேன் மாதிரி கெட்டிப்பட்டுவிடும். சிங்க்ரோ அதைப் பிழிந்து தள்ளிவிட்டுத்தான் கூம்பைப் பிடிக்க வேண்டும், அதுதான் தாமதம். 75டபிள்யூ-90க்கு மாறுங்கள் மருமகனே. முன்னால் இருக்கும் எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, சிறியதாக இருந்தால் குளிரில் இளக்கம். பின்னால் இருப்பது சூடேறிய பிறகு எவ்வளவு தடிமன் என்பதற்கு. ரங்கூன் வெயிலில் 80டபிள்யூ-90 போட்டாலும் இந்தத் தொல்லை தெரியாது. சூடான பிறகும் உரசினால் ஆயிலின் தடிமன் மேல் பழி போடாதீர்கள், கிளட்சையும் சிங்க்ரோவையும் பாருங்கள்.

மோல்மேனிலிருந்து: பழைய ஹோண்டா சிவிக். கியர் பாக்ஸில் எஞ்ஜின் ஆயில் ஊற்றச் சொல்கிறார் மெக்கானிக். ஏமாற்றுகிறாரா?

இல்லை அம்மா, விஷயம் தெரிந்தவர். பழைய ஹோண்டா பலவற்றுக்கு 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40 எஞ்ஜின் ஆயிலைத்தான் புத்தகமே சொல்லும். பிறகுதான் எம்டிஎஃப் என்று கியர் பாக்ஸுக்கே தனி ஆயில் கொண்டுவந்தார்கள். கிடைத்தால் அது இன்னும் நல்லது. '90' என்றதும் எஞ்ஜின் ஆயிலைவிட எவ்வளவோ தடிப்பு என்று தோன்றும். கியர் ஆயிலுக்கு அளவுகோலே வேறு. 90 கியர் ஆயிலும் 40, 50 எஞ்ஜின் ஆயிலும் சூட்டில் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான்.

ரங்கூனிலிருந்து: எங்கள் ப்ரோபாக்ஸ் ஆட்டோமேடிக். இதே ஆயில்தானா?

இல்லவே இல்லை. அதற்கான ஆயில் வேறு, புத்தகத்தில் இருக்கும் பெயரைப் பார்த்தே வாங்குங்கள்.

தன்லினிலிருந்து: மழைத் தண்ணீரில் வண்டி அரை மணி நேரம் நின்றுவிட்டது. தண்ணீர் பானட்டைத் தொடவில்லை, சக்கரம் பாதி முழுகியது. கியர் பாக்ஸைப் பார்க்க வேண்டுமா?

இன்றே பாருங்கள். கியர் பாக்ஸின் மேல் மூச்சு விடுவதற்கு ஒரு சின்னத் துளை உண்டு. அந்தத் துளைவரை தண்ணீர் வந்திருந்தால், சூடாக ஓடிய வண்டி குளிர்ந்த தண்ணீரில் நிற்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை இழுத்துக்கொள்ளும். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஒரு முறை மாற்றிச் சில நாள் ஓட்டி, மறுபடி மாற்றுங்கள். பேரிங் துருப்பிடித்தால் ஆகும் செலவோடு பார்த்தால் இரண்டு தடவை ஆயில் வாங்குவது ஒன்றுமே இல்லை.

பெகுவிலிருந்து: தாத்தா வைத்திருந்த வில்லிஸ் ஜீப் இன்னும் ஓடுகிறது. அதற்கு?

கேட்கவே மகிழ்ச்சியாக இருக்கிறது. கியர் பாக்ஸுக்கு ஜிஎல்-4, சாதா மினரல் 90. ஒட்டினாற்போல் இருந்து முன், பின் அச்சுகளுக்குச் சுழற்சியைப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர் பாக்ஸ் ஆயில் கசிந்து போவது அந்த ஜீப்பில் வழக்கம். அதனால் இரண்டிலும் ஒரே ஆயில் ஊற்றி, இரண்டின் மட்டத்தையும் அடிக்கடி பாருங்கள். அச்சுகள் இரண்டுக்கும் ஜிஎல்-5 தாராளமாகப் போடலாம்.

பலர்: நாங்களே மாற்றலாமா?

மாற்றலாம். முதலில் ஊற்றும் துளையின் போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள், அப்புறம்தான் கீழே இறக்கும் போல்ட். ஆயிலை இறக்கிய பிறகு மேல் போல்ட் துருப்பிடித்துத் திருக வரவில்லையென்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். கொஞ்ச தூரம் ஓட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போது இறக்குங்கள். காந்தப் போல்ட்டில் சாம்பல் நிறப் பசை இருந்தால் இயல்பு, இரும்புத் துணுக்கு இருந்தால் என்னிடமோ வேறு நல்ல கையிடமோ காட்டுங்கள். சமதரையில் நிறுத்தி, ஊற்றும் துளையின் விளிம்பில் ஆயில் வழியும்வரை ஊற்றுங்கள். பல வண்டிகளுக்கு அதுதான் அளவு. போல்ட்டுக்குப் புது வாஷர் போடுங்கள். பீப்பாயிலிருந்து அளந்து கொடுக்கும் ஆயில் மட்டும் வேண்டாம், முத்திரை உடையாத டப்பாவாக வாங்குங்கள்.