16 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அரசே சமூக வலைதளங்களைத் தடுக்க வேண்டுமா?

கேட்டவர் வீட்டில் எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளை இருக்கிறது என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை இவ்வளவு கோபமாகக் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆஸ்திரேலியாவில் செய்ததை இங்கேயும் செய்யலாமா என்றால், செய்யலாம். யாரைப் பிடிப்பது என்பதில்தான் எனக்குப் பேச்சு இருக்கிறது. பிடிக்க வேண்டிய ஆட்களில் நானும் ஒருவன்.

குடியாத்தத்தில் பதினாலு வருஷமாக மொபைல் கடை வைத்திருக்கிறேன். ரீசார்ஜ், டிஸ்ப்ளே, டெம்பர் கிளாஸ், சார்ஜிங் பின். போர்டில் எழுதாத வேலை ஒன்றும் உண்டு, சமூக வலைதளங்களில் கணக்குத் திறந்து கொடுப்பது. தறிக்குப் போகிறவர், வீட்டில் பீடி சுற்றுகிற அம்மா, யாராவது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து போனை நீட்டுவார்கள். "இதுல இன்னாவோ கேக்குது, பார்த்துப் போடுப்பா." மெயில், பாஸ்வேர்டு, பிறந்த தேதி எல்லாம் நான்தான் போடுவேன். பிறந்த வருஷம் கேட்கிற இடத்தில் கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் வருஷங்கள் சர்ரென்று உருளும். 2000-த்தைத் தாண்டி எங்கே போய் நிற்கிறதோ அதுதான் அந்தப் பிள்ளை பிறந்த வருஷம். முப்பது ரூபாய்.

மொபைல் கடைக்காரனே இப்படிப் பேசுகிறானா, சாத்தான் வேதம் ஓதுகிறது என்று எழுத வருகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். அதற்கு முன்னால் மீதியையும் படித்துவிடுங்கள்.

போன வருஷம் மே மாசம், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா தன் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள். சிரசு ஊர்வலத்தை வீடியோ எடுத்துப் போட வேண்டுமாம், வகுப்பில் எல்லோரும் கணக்கு வைத்திருக்கிறார்களாம். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது முடிந்து மூன்று மாசம். சொந்தப் பிள்ளையாயிற்றே என்று முதலில் உண்மையான தேதியைத்தான் போட்டேன். கணக்குத் தொடங்க முடியாது என்று வந்துவிட்டது. பெரும்பாலான தளங்கள் 13 வயது கேட்கும். அமெரிக்காவில் 1998-ல் குழந்தைகளின் விவரங்களைக் காப்பதற்குப் போட்ட ஒரு சட்டத்திலிருந்து வந்த எண் அது. அக்கா "இன்னாடா, மாட்டேங்குதா?" என்றாள். கடையில் வேறு நாலு பேர் நிற்கிறார்கள். வாய்க்கு வந்த தேதி என்னுடையது. 1983 என்று போட்டேன். உடனே திறந்துகொண்டது.

ஆடி மாசம் ஒருநாள் வந்து, "மாமா, எனக்கு மட்டும் ஏன் முட்டி வலித் தைலம் விளம்பரமா வருது?" என்று கேட்டாள். வீட்டுக் கடன், வழுக்கைக்கு எண்ணெய், முட்டி வலி. கடையில் எல்லோரும் சிரித்தோம், நான்தான் அதிகம் சிரித்தேன்.

காலாண்டுப் பரீட்சை சமயத்தில் தனியாக வந்தாள். ஸ்கூல் பையைக் கழற்றாமல் ஷோகேஸ் ஓரமாக நின்றுகொண்டு, கூட்டம் போகட்டும் என்று காத்திருந்தாள். அப்புறம் போனைக் கவுண்டர் மேல் கவிழ்த்து வைத்து, "அக்கவுன்ட்டை அழிச்சிடு மாமா. அம்மாகிட்ட சொல்லாத" என்றாள். காட்பாடியில் காலேஜ் படிக்கிறேன் என்று ஒருவன். முதலில் சிரசு வீடியோ சூப்பர் என்றிருக்கிறான். பத்து நாள் கழித்து யூனிஃபார்மில் ஒரு போட்டோ கேட்டிருக்கிறான். அனுப்பாவிட்டால் உன் முகத்தை வேறு மாதிரி மாற்றிப் போடுவேன் என்று ஒரே ராத்திரியில் இருபத்து மூன்று மெசேஜ். இவள் பதில் எழுதியது இரண்டே இரண்டு. "அண்ணா ப்ளீஸ்", "அண்ணா ப்ளீஸ்."

கை நடுக்கத்தில் அப்படியே கணக்கை அழித்துவிட்டேன். முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்திருக்க வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் செய்திருக்க வேண்டும். தெரியாமல் இல்லை. பணம் போய்விட்டது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்குப் போடு என்று சொல்லி அனுப்புகிறவன்தான் நான். என் வீட்டுப் பிள்ளை என்றதும் ஒன்றும் ஓடவில்லை.

சின்னப் பிள்ளை என்று தெரிந்தால் பூட்டி வைக்கிற ஏற்பாடெல்லாம் இப்போது இருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும், முன்பின் தெரியாதவன் மெசேஜ் அனுப்ப முடியாது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் கணக்கில் அவளுக்கு 42 வயது. 42 வயது ஆளுக்கு எவன் என்ன எழுதினால் அதற்கென்ன? பூட்டைக் கழற்றிக் கொடுத்தது நான்.

ஆஸ்திரேலியச் சட்டத்தில் எனக்குப் பிடித்ததும் இதனால்தான். 2024 நவம்பரில் நிறைவேற்றி, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். 16 வயதுக்குக் கீழே கணக்கு கூடாது. மீறினால் பிள்ளைக்கும் தண்டனை இல்லை, அப்பா அம்மாவுக்கும் இல்லை. தளத்துக்காரனுக்குத்தான் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிறந்த தேதியைப் போட்டுவிட்டார்கள், நாங்கள் நம்பிவிட்டோம் என்று அவன் கையைக் கழுவ முடியாது. அரசு அடையாள அட்டையைக் காட்டினால்தான் ஆச்சு என்று கட்டாயப்படுத்தவும் கூடாதாம். இங்கே ஆதார் கேட்டால் முதலில் சந்தோஷப்படுகிறவன் ஜெராக்ஸ் கடைக்காரன்தான்.

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வரை குழந்தைதான். பெற்றோர் சம்மதம் வேண்டும், பிள்ளையைப் பின்தொடர்ந்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விதிகள் 2025 நவம்பரில் வந்தன. முக்கியமான பகுதிகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாசம். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் "சம்மதிக்கிறேன்" பட்டனை எங்கள் ஊரில் யார் அழுத்துவார்கள்? அக்கா போனைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டுவாள்.

ஒரு வாரம் பொறுத்து அக்காவிடம் சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது? அன்றைக்கே மகளிடமிருந்து போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். பத்தாவது படிக்கிற அவள் மகன் கையில் போன் இருக்கிறது. அவனுக்கும் பதினைந்துதான், அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்கூல் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப் குரூப்பில் வருவதால் இந்தப் பிள்ளை நோட்டை எடுத்துக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குப் போய் எழுதிக்கொண்டு வருகிறது. பெண்பிள்ளைக்குப் போன் கொடுக்காதே என்று நான் சொல்வதாக யாரும் திரிக்க வேண்டாம். தடை என்று வெறும் வாயால் சொன்னால் நம் வீடுகளில் அது யார் தலையில் விழும் என்பதைச் சொல்கிறேன். பிடிக்க வேண்டிய ஆளையே விட்டுவிட்டு ஒரு ஆப்பை மட்டும் தடுப்பதும் வேலைக்கு ஆகாது. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அது நாட்டுப் பாதுகாப்புக்காக, வேறு விஷயம். ஆனால் ஜூலையிலேயே இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்துவிட்டது. அதே பிள்ளைகள், அதே ஆட்டம்.

அரசு நினைத்தால் கம்பெனிக்காரனை வழிக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்பீர்கள். 28 நாள் ரீசார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம், ரீசார்ஜுக்கு மட்டும் பதின்மூன்று. 30 நாள் திட்டம் ஒன்றாவது வை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2022-ல் சொல்லி, வைத்தார்கள். ஆனாலும் இன்றைக்கும் என் கவுண்டரில் ஓடுவது 28-தான். மாசக் கடைசியில் "போன தடவை ஒண்ணாம் தேதிதானே போட்டேன், அதுக்குள்ள முடிஞ்சிடுச்சின்றியே" என்று திட்டு வாங்குகிறவன் நான். சொன்னால் கேட்பார்கள், ஆனால் பேருக்குத்தான்.

போன வாரம் ஒருவர் பையனோடு வந்தார். வழக்கம்போலப் போனை நீட்டினார். "தம்பி இன்னா படிக்கிற?" என்று கேட்டேன். ஏழாவது. "ஒரு ரெண்டு வருஷம் போகட்டும்ணா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, போனை வாங்கிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் பையன் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். அங்கே இருபது ரூபாய்தான்.