‘ஷோலே’ ஊருக்கு அப்பாவைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறோம். ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பாவுக்கு 72 வயது, முழங்கால் வலி உண்டு. ‘ஷோலே’ இந்திப் படம் எடுத்த இடத்தைப் பார்த்தே ஆகணும் என்கிறார். ஒரு டிராவல்ஸ்காரர், “படத்தில் வர்ற ராம்கட் கிராமம் அப்படியே இருக்கு, வீட்டுக்குள்ளேயே போகலாம்” என்று 6,500 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அந்தக் கிராமமே இப்போது இல்லை. 1973இல் ராமநகரத்தில், ராமதேவர பெட்டா என்ற குன்றின் பக்கம் போட்ட செட் அது. அதற்காக நெடுஞ்சாலையிலிருந்து தனியாக ரோடே போட்டார்கள். படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துவிட்டார்கள். மிஞ்சியிருப்பது பாறைகள்தான். வில்லன் கப்பர் சிங்கின் பாறைகளே போதும் என்று அப்பா சொன்னால் தாராளமாகப் போங்கள்.

அங்கே வந்து ஒட்டிக்கொள்ளும் ‘கைடு’களிடம் மட்டும் ஜாக்கிரதை. ஏதோ ஒரு தண்ணீர்த் தொட்டியைக் காட்டி, தர்மேந்திரா ஏறியது இதுதான் என்பார்கள். என் மாமாவுக்கு ஒருவர் தண்டவாளத்தைக் காட்டி, “ரயில் சண்டை இங்கதான் சார்” என்று 200 ரூபாய் கறந்துவிட்டார். அந்தச் சண்டையை எடுத்தது மும்பை–புனே ரயில் பாதையில், பன்வேல் பக்கம். சொன்னால் மாமா நம்ப மாட்டேன் என்கிறார். தண்டவாளத்தில் இடுப்பில் கை வைத்து நிற்கிற போட்டோ இன்னும் அவர் வீட்டு ஹாலில் தொங்குகிறது.

மெஜஸ்டிக் ஸ்டேஷனில் மைசூர் பக்கம் போகும் மெமு (மின்சாரப் பாசஞ்சர்) ரயில் ஏறினால் ராமநகரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். வந்தே பாரத், சதாப்தி அங்கே நிற்காது. 2025இல் மாவட்டத்துக்கு ‘பெங்களூரு தெற்கு’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாற்றும் சுறுசுறுப்பு மற்ற வேலைகளில் எங்கே போய் ஒளிகிறதோ! நீங்கள் கவுண்ட்டரில் ‘ராமநகரம்’ என்றே டிக்கெட் கேளுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ, உட்காருவதற்கு முன்பே போக, வர எவ்வளவு என்று பேசிவிடுங்கள்.

ஸ்கூட்டரில் கூட்டிப் போகும் எண்ணம் இருந்தால் ஒன்று. மைசூர் எக்ஸ்பிரஸ்வேயின் நடுப்பாதையில் 2023 ஆகஸ்ட்டிலிருந்து இரு சக்கர வண்டிக்கு அனுமதி இல்லை. காலையில் ரோடு காலியாக இருந்தாலும் இல்லை, பெரியவர் பின்னால் உட்கார்ந்திருந்தாலும் இல்லை. சர்வீஸ் ரோடுதான். காரில் போனாலும் கவனம்: அந்தப் புது ரோடு ராமநகரத்துக்குள் நுழையாமல் ஊரைச் சுற்றிப் போகிறது. பிடதியிலேயே இறங்கிப் பழைய ரோட்டைப் பிடியுங்கள். விட்டால் சென்னப்பட்டணா போய்த் திரும்ப வேண்டியதுதான்.

பெட்டா 2012 முதல் பாறுக் கழுகுச் சரணாலயம். அப்பா கப்பர் வசனத்தை உரக்கச் சொல்ல ஆசைப்படுவார், அடக்கி வையுங்கள். உச்சியில் இருக்கும் ராமர் கோயிலுக்குப் படிகள் நூற்றுக்கணக்கில். அந்த முழங்காலோடு வேண்டாம்; கீழே நின்றாலே பாறைகள் தெரியும். ஃபிளாஸ்க்கில் காபி எடுத்துப் போங்கள். திரும்பும்போது பிடதியில் இறங்கினால் தட்டே இட்லி கிடைக்கும்.