சிரிப்பிலிருந்து தொடங்கலாம்

அன்புள்ள ஐயா,

நான் மொழிப்பாட ஆசிரியை. எட்டு, ஒன்பதாம் வகுப்புகளுக்கு எடுக்கிறேன். இந்த ஆண்டு எனக்கு மூன்று அலகுகள் புதிதாக வந்திருக்கின்றன: படைப்பெழுத்து, கேட்பவரை இணங்கவைக்கும் பேச்சு, நகைச்சுவை. ‘மழை நாள்’ பற்றி எழுதச் சொன்னால் மொத்த வகுப்பும் ‘வானம் இருண்டது, மேகங்கள் சூழ்ந்தன’ என்றே தொடங்குகிறது. பேச்சு என்றால் வீட்டில் யாரோ எழுதிக்கொடுத்ததை மனப்பாடம் செய்து, கையை உயர்த்தி முழங்கிவிட்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். நகைச்சுவையில் அப்படியே நின்றுவிட்டேன். ஒரு வகுப்பு முயன்று பார்த்தேன். பாதிப் பேர் கைபேசியில் வந்த துணுக்குகளைச் சொன்னார்கள். மீதிப் பேர் ஒரு பையன் திக்கிப் பேசுவதைக் கேலி செய்தார்கள். அவன் மறுநாள் வகுப்புக்கு வரவில்லை.

இவற்றையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா, இல்லை பிறவியிலேயே வர வேண்டுமா? முடியும் என்றால் எங்கிருந்து தொடங்குவது? மதிப்பெண் எப்படிப் போடுவது?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர.,

முதலில் அந்தப் பையன். அவனிடம் தனியாகப் பேசுங்கள். வகுப்பின் முன்னால் நிறுத்தி மற்றவர்களை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள், அது அவனை இரண்டாவது முறை மேடையேற்றுவது. கேலி செய்தவர்களிடமும் தனித்தனியாகப் பேசுங்கள். அவர்களில் பலர் கெட்ட பிள்ளைகளாக இருக்க மாட்டார்கள். ‘சிரிக்க வை’ என்று சொல்லிவிட்டு வழி காட்டாமல் விட்டால், கைக்கு எட்டியதை எடுப்பார்கள். கைக்கு எட்டுவது எப்போதும் பக்கத்தில் இருப்பவன்தான்.

சரி, உங்கள் கேள்வி. சொல்லிக்கொடுக்க முடியும். மேதைகளை உருவாக்க முடியாது, அது உங்கள் வேலையும் இல்லை. ‘கணக்கு பிறவியில் வருவதா?’ என்று கணக்கு ஆசிரியரிடம் யாரும் கேட்பதில்லை. அவர் பாட்டுக்கு நடத்துகிறார், பெரும்பாலோருக்கு வேண்டிய அளவு வந்துவிடுகிறது. எழுத்தும் பேச்சும் அப்படித்தான்.

நீங்கள் மூன்று தொல்லைகளைச் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அது ஒரே தொல்லையாகத் தெரிகிறது. உங்கள் மாணவர்களுக்கு வாசகர் கிடையாது, கேட்பவர் கிடையாது. திருத்துகிறவர் ஒருவர்தான் உண்டு. ‘வானம் இருண்டது, மேகங்கள் சூழ்ந்தன’ என்பது அவருக்காக எழுதப்பட்ட வரி. அதில் பிழை இல்லை, எனவே சிவப்பு மை விழாது. அதை வேறு யாராவது படிப்பார்கள், படித்து முகம் மாறும் என்ற நினைப்பே எழுதுகிற பிள்ளைக்கு இல்லை. மனப்பாடப் பேச்சும் இதேதான். ‘அனைவருக்கும் என் முத்தான முதற்கண் வணக்கம்’ என்கிறபோது அங்கே அனைவரும் இருப்பது பேசுபவருக்குத் தெரியாது. அடுத்த வரி மறந்துவிடக் கூடாதே என்பது மட்டும்தான் தெரியும்.

அதனால் நானாக இருந்தால் வரிசையைத் திருப்பிப் போடுவேன். பாடத்திட்டங்களில் நகைச்சுவை பெரும்பாலும் கடைசியில், ‘நேரமிருந்தால்’ என்ற இடத்தில் இருக்கும். அதை முதலில் எடுங்கள். ஒரு கட்டுரை எப்படி இருக்கிறது என்று தெரிய விடைத்தாள் திரும்பி வரும்வரை காத்திருக்க வேண்டும். சிரிப்பு வந்ததா இல்லையா என்பது அந்த நொடியே தெரிந்துவிடும். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவருக்குள் ஏதோ நடக்க வேண்டும் என்பதைப் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு இதைவிட வேகமாக உணர்த்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

துணுக்குகளுக்கு மட்டும் தடை போடுங்கள். மனப்பாடத் துணுக்கும் மனப்பாடப் பேச்சும் ஒரே சரக்கு. பதிலாக, ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதுங்கள்:

‘என் அண்ணன் எந்த வேலையையும் நாளைக்குத் தள்ளிப்போட மாட்டான். இன்றைக்கே மறந்துவிடுவான்.’

யாராவது லேசாகச் சிரிப்பார்கள். இப்போது இதையே மாற்றி எழுதுங்கள்: ‘எந்த வேலையையும் இன்றைக்கே மறந்துவிடுவான் என் அண்ணன், நாளைக்கெல்லாம் தள்ளிப்போட மாட்டான்.’ செய்தி அதேதான், சிரிப்பைக் காணோம். ஏன் என்று கேட்டு, அவர்களே கண்டுபிடிக்கட்டும். முதல் வாக்கியம் அண்ணனைச் சுறுசுறுப்பானவன் என்று நம்பவைக்கிறது. ‘இன்றைக்கே’ என்ற சொல்கூட அந்த நம்பிக்கையை ஒரு படி ஏற்றுகிறது. கடைசிச் சொல்தான் கவிழ்க்கிறது. அந்தச் சொல்லை முன்னால் கொண்டுவந்துவிட்டால் கவிழ்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. வினை கடைசியில் வரும் நம் வாக்கிய அமைப்பு இதற்கு வாகாக இருக்கிறது. முடிவு தெரியாமல் கேட்பவரைக் கடைசிவரை இழுத்துக்கொண்டு போகலாம்.

அப்புறம் அவர்களையே இப்படி இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். முதலாவது நம்பவைக்க வேண்டும், இரண்டாவது அதன் கடைசிச் சொல்லில் காலை வார வேண்டும். பத்தில் எட்டு தேறாது. பரவாயில்லை. தேறாத ஒன்றை எடுத்து எந்தச் சொல் முந்திக்கொண்டது என்று பார்ப்பதில்தான் பாடமே இருக்கிறது. ஆசிரியர் ‘திருத்தி எழுது’ என்றால் முகம் சுளிக்கிற பிள்ளைகள், நண்பன் சிரிக்கவில்லை என்பதற்காக ஒரு வாக்கியத்தை நாலு விதமாக மாற்றிப் பார்ப்பார்கள். திருத்தி எழுதும் பழக்கம் இந்த வழியாகத்தான் சண்டையில்லாமல் உள்ளே வரும்.

எதைப் பார்த்துச் சிரிப்பது என்பதற்கு நம்மிடம் பழைய பட்டியல் ஒன்று இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறது: எள்ளல் (கேலி), இளமை (பிள்ளைத்தனம்), பேதைமை (அறியாமை), மடன் (கேட்டதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாமை). தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்துவிடுகிறோம். வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள், இன்னும் வேலை செய்கிறது. உங்கள் மாணவர்கள் நான்கில் முதலாவதை மட்டும், அதிலும் பாதியை மட்டும் கண்டிருக்கிறார்கள். எள்ளலுக்கு உரை சொல்லும்போது, பேராசிரியர் என்ற பெயருள்ள பழைய உரையாசிரியர், பிறரை எள்ளிச் சிரிப்பது ஒன்று, பிறர் தன்னை எள்ளும்போது தான் சிரிப்பது ஒன்று என்று இரண்டாகப் பிரிக்கிறார். இரண்டாவதில் தொடங்கச் சொல்லுங்கள். எழுதுகிறவர் தன்னைப் பற்றியே எழுதட்டும்.

பேதைமைக்கு ஒரு பயிற்சி. கதவையே பார்த்திராத ஒருவருக்குக் கதவைத் திறப்பது எப்படி என்று பத்து வரியில் விளக்க வேண்டும். எழுதுகிறவர் மிகவும் பொறுப்பானவர், எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறவர். மடனுக்கு இன்னொன்று. சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு விடாத பாத்திரம். ‘பையைப் பார்த்துக்கொள்’ என்று ஒருவனிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். யாரோ வந்து பையைத் தூக்கிக்கொண்டு போகிறார். இவன் கண்ணிமைக்காமல், பை தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறான். இந்த மாதிரிப் பயிற்சிகளில் வகுப்பிலுள்ள யாரும் காயப்படுவதில்லை. விதி என்று ஒன்று வேண்டுமானால் இதுதான்: சிரிப்புக்கு இலக்கு எழுதியவராக இருக்கலாம், பொருளாக இருக்கலாம், கற்பனை ஆளாக இருக்கலாம். அறையில் இருக்கும் இன்னொருவராக இருக்கக் கூடாது. இது உங்களுக்கும் பொருந்தும். மாணவரைக் குத்தி வகுப்பைச் சிரிக்கவைக்கும் ஆசிரியர் நாற்பது பேருக்கு உரிமம் வழங்கிவிடுகிறார்.

படைப்பெழுத்துக்கு வருவோம். தலைப்புதான் முதல் குற்றவாளி. ‘மழை நாள்’ அகலமானது, அதில் எல்லோரும் ஒரே இடத்தில் போய்த்தான் நிற்பார்கள். இடத்தைக் குறுக்குங்கள். ‘மழையில் நனையக் கூடாத ஒன்றைக் கையில் வைத்திருக்கிறீர்கள், ஒதுங்க இடமில்லை’ என்று கொடுங்கள். ஒருத்தி கடிதத்தை வைத்திருப்பாள், ஒருவன் கோழிக்குஞ்சை வைத்திருப்பான். மேகம் சூழ்வதை எழுத யாருக்கும் நேரமிருக்காது.

நிறுத்தாமல் பத்து நிமிடம் எழுதும் முறையையும் முயன்று பாருங்கள். பேனா நிற்கக் கூடாது, பிழை பார்க்கக் கூடாது, எதுவும் தோன்றாவிட்டால் ‘எதுவும் தோன்றவில்லை’ என்றே எழுத வேண்டும். 1970களில் பீட்டர் எல்போ என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதைப் பரவலாக்கினார். நீங்களும் கூடவே உட்கார்ந்து எழுதுங்கள். அந்தத் தாள்களை வாங்கித் திருத்த வேண்டாம், அது கை உதறுவதற்கு.

எழுதியதை யார் படிப்பது? பக்கத்தில் இருப்பவர்தான். 1936இல் தொடங்கிய ஐயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறை இந்த வகைக்குப் புகழ்பெற்றது. எழுதியவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் படைப்பை அலசுவார்கள். வளர்ந்தவர்களுக்கே அது சில சமயம் தாங்காது, பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். படித்தவரிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எந்த இடம் நினைவில் நிற்கிறது, எந்த இடத்தில் குழம்பினாய்? ‘நன்றாக இருந்தது’ என்ற பதிலை ஏற்காதீர்கள். எழுதியவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை.

பேச்சு. இதற்கும் எதிரில் மறுக்கக்கூடிய ஓர் ஆள் வேண்டும். ‘மரம் வளர்ப்போம்’ என்று பேசினால் யார் மறுக்கப்போகிறார்கள்? ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்களை இணங்கவைக்க முழக்கம் தவிர வேறு என்ன செய்ய முடியும்? உங்களால் உண்மையிலேயே தரக்கூடிய, ஆனால் தர மனமில்லாத ஒன்றைத் தலைப்பாக வையுங்கள். வகுப்பில் யார் பக்கத்தில் யார் உட்காருவது, வீட்டுப்பாடம் எந்த நாளில். அவர்கள் உங்களை இணங்கவைத்துவிட்டால் கொடுத்துவிட வேண்டும். தோற்கத் தயாராக இல்லாத ஆசிரியர் இந்தப் பாடத்தை எடுக்க முடியாது.

பேசத் தொடங்கும் முன் ஆதரிப்பவர்கள் ஒரு சுவர் ஓரம், எதிர்ப்பவர்கள் மறு சுவர் ஓரம் நிற்கட்டும். பேசி முடித்ததும் மனம் மாறியவர்கள் இடம் மாறலாம். யாருக்காக அதிகம் பேர் நடந்தார்களோ அவர் நன்றாகப் பேசியவர், குரல் எப்படி இருந்தாலும். கையில் நாலு சொல் எழுதிய சீட்டு மட்டும் இருக்கட்டும். வீட்டில் எழுதிக்கொடுத்த பேச்சு அதோடு ஒழியும். தனக்கு உடன்பாடில்லாத பக்கத்துக்கும் ஒருமுறை பேசவிடுங்கள். பண்டைய ரோமானியப் பள்ளிகளில் இது அன்றாடப் பாடம். ‘அலெக்சாண்டர் பெருங்கடலில் கலம் செலுத்தலாமா’ என்று தலைப்புக் கொடுத்து, அவருக்கு அறிவுரை சொல்வதுபோல் பேசச் சொல்வார்கள். அலெக்சாண்டரிடம் ‘உன்னால் முடியாது’ என்று எப்படிச் சொல்வது? அங்கேதான் பேச்சே தொடங்குகிறது.

நம்மிடம் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. அதியமானுக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். அவன் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். புறநானூறு 95. இந்தக் கருவிகள் பீலி அணிந்து, மாலை சூட்டி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் இருக்கின்றன என்கிறார் ஔவை. அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. ‘நீ போர் கண்டதில்லை’ என்று பாட்டில் எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. பாதிப் பாட்டைக் கேட்டால் பாராட்டு போலவே இருக்கும். இரண்டு காட்சிகளைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவர் நிறுத்திக்கொள்கிறார், முடிவுக்குத் தொண்டைமானே வந்து சேர வேண்டும். உங்கள் மூன்று அலகும் இந்த ஒரு பாட்டில் இருக்கிறது. இதை வஞ்சப்புகழ்ச்சி என்று பெயர் சொல்லிக் கடந்துபோவதில் எனக்கு வருத்தம் உண்டு. மாணவர்களுக்கு இதையே பயிற்சியாகக் கொடுங்கள்: பயன்படாத ஒரு பொருளை அது பயன்படாதது என்று சொல்லாமல் புகழ வேண்டும். கம்பி வளையாத, துணி நிறம் மங்காத, ஒரு நாளும் நனையாத குடை. ஓரம் மடங்காத, ஒரு பக்கத்திலும் விரல் ரேகை படியாத புத்தகம்.

கூச்சம் உள்ளவர்களை மேடைக்குத் தள்ளாதீர்கள். திருக்குறளில் அவையஞ்சாமை 73ஆம் அதிகாரம், அதற்கு முன்னால் 72ஆவது அவையறிதல். அந்த வரிசையில் ஒரு நியாயம் இருக்கிறது. முதலில் ஒரே ஒருவரிடம் பேசட்டும், பிறகு நாலு பேர் வட்டத்தில். திக்கிப் பேசும் அந்தப் பையன் தானாக விரும்பும்வரை எழுத்தில் மட்டும் கலந்துகொள்ளட்டும். அவன் வரிகளை யார் வாசிப்பது என்று அவனே தேர்ந்தெடுக்கட்டும்.

கடைசியாக மதிப்பெண். சிரிப்புக்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் அடுத்த வாரமே அவர்கள் உங்களுக்குப் பிடித்த நகைச்சுவையைத்தான் எழுதுவார்கள், மறுபடி ‘வானம் இருண்டது’தான். பள்ளி கட்டாயம் கேட்கும், ஏதாவது எண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்கு, முதலில் எழுதிய படியையும் திருத்தி எழுதிய கடைசிப் படியையும் ஒன்றாக இணைத்து வாங்குங்கள். நண்பன் குழம்பிய இடம் தெளிந்திருக்கிறதா, முந்திக்கொண்ட சொல் பின்னால் போயிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே நடந்த வேலைக்கு மதிப்பெண் போடுங்கள். எழுத்துப்பிழையைக் கடைசிப் படியில் மட்டும் பார்த்தால் போதும்.