படத்தை உடைக்கும் மகளுக்கு என்ன படிப்பு?

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கவலை புரிகிறது. ப்ளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப், நல்ல மதிப்பெண். அப்படிப்பட்ட பெண் ராத்திரி வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நல்ல போட்டோக்களைக் கோடு கோடாகக் கிழித்து, முகங்களைக் கட்டம் கட்டமாகச் சிதறடித்து, "இதைத்தான் படிக்கப் போறேன்" என்று சொன்னால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் ஒரு படிப்பா? இதை வைத்துப் பிழைக்க முடியுமா? படிப்புதான், சந்தேகமே வேண்டாம். பிழைப்பைப் பொறுத்தவரை, உடைந்த படங்களை விற்று மட்டும் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் ஒரு படத்தைத் தெரிந்து உடைக்க என்ன அறிவு வேண்டுமோ, அந்த அறிவுக்கு வேலை இருக்கிறது. அதைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன்.

டிஜிட்டல் படத்தில் வேண்டுமென்றே கோளாறை உண்டாக்கி அதையே கலையாக்கும் இதற்கு கிளிட்ச் ஆர்ட் என்று பெயர். உங்கள் மகளுக்குத் திடீரென்று வந்த கிறுக்கு இல்லை. நாம் ஜூன் பைக் என்ற கொரியக் கலைஞர் 1965-லேயே ஒரு டிவி பெட்டியின் மேல் பெரிய காந்தத்தை வைத்தார். உள்ளே போகும் எலக்ட்ரான் கற்றை வளைந்து, திரையில் படம் சுருண்டு வேறொரு வடிவமாக மாறியது. அந்த டிவியும் காந்தமும் இன்று நியூயார்க்கில் விட்னி மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. 1995 வாக்கில் ஜோடி என்ற பெயரில் ஐரோப்பாவில் இயங்கிய இரண்டு பேர் ஒரு இணையதளம் போட்டார்கள். திறந்தால் திரை முழுக்கப் பச்சை நிறத்தில் அர்த்தமில்லாத குறிகள். அந்தப் பக்கத்தின் பின்னால் எழுதப்பட்டிருக்கும் மூலநிரலைத் திறந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது, அதே குறிகள் அங்கே ஒரு வெடிகுண்டின் வரைபடமாக ஒழுங்காக நின்றன. நெதர்லாந்தின் ரோசா மெங்க்மன் 2010-ல் தன் முகப் படம் ஒன்றையே பல ஃபைல் வகைகளில் சேமித்து, ஒவ்வொன்றிலும் பிழையைப் புகுத்திப் பார்த்தார். ஒவ்வொரு வகையும் தனக்கே உரிய விதத்தில் உடைந்தது.

இந்தக் கடைசி உதாரணத்தை உங்கள் மகளோடு சேர்ந்து வீட்டிலேயே செய்து பார்க்கலாம். அவளுக்கு இது பொழுதுபோக்கா, நிஜமான ஈடுபாடா என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்காருங்கள். ஒரே போட்டோவை பிஎம்பி, ஜேபெக் என்ற இரண்டு ஃபைல் வகைகளிலும் ஒவ்வொரு நகல் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டையும் ஹெக்ஸ் எடிட்டரில், அதாவது ஃபைலுக்குள் இருக்கும் எண்களை அப்படியே காட்டும் மென்பொருளில் திறந்து, நடுவில் எங்காவது ஒரு சில பைட்டுகளை (அந்த எண்களை) மட்டும் மாற்றட்டும். பிஎம்பி படத்தில் தேடினால்தான் தெரியும், ஓரிரண்டு புள்ளிகள் மட்டும் நிறம் மாறியிருக்கும். ஜேபெக்கில் பெரும்பாலும் அந்த இடத்திலிருந்து கீழே இருக்கும் பாதிப் படமே நிறம் மாறி, பக்கவாட்டில் நகர்ந்து போயிருக்கும். கை வைத்தது ஒரே அளவுதான், சேதம் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? இந்தக் கேள்வியை அவளிடம் கேளுங்கள்.

விடை இதுதான். பிஎம்பி ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் தனித்தனியாக எழுதி வைக்கிறது. ஜேபெக் படத்தை எட்டுக்கு எட்டு புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தின் சராசரி நிறத்தை முழுதாக எழுதாமல், முந்தைய கட்டத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதுகிறது. அதனால் ஒரு கட்டத்தில் கணக்கு தப்பினால் அடுத்து வரும் எல்லாக் கட்டங்களிலும் தப்புகிறது. ஃபைல் சின்னதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், இப்படி உடைவதற்கும் இது ஒரு காரணம்.

இதை அவள் தன் வார்த்தையில் சொல்லிவிட்டாலோ, "தெரியலையே, பாக்கறேன்" என்று தேட ஆரம்பித்துவிட்டாலோ, நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். அவள் செய்துகொண்டிருப்பது கம்ப்யூட்டர் சயின்ஸ்தான். "ஆப்ல ஒரு ஃபில்டர் இருக்கு, அதை அழுத்துவேன்" என்றால் அவளுக்கு ரசனை இருக்கிறது, தொழில் இன்னும் கைக்கு வரவில்லை என்று அர்த்தம். அதற்காகத் திட்ட வேண்டாம். அந்த ஃபில்டர் என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாதம் அவகாசம் கொடுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஃபில்டர் அழுத்தத் தெரிந்தவர்களுக்கு யாரும் சம்பளம் தரப் போவதில்லை. போன் வைத்திருக்கும் எல்லோருக்கும் அது தெரியும்.

சம்பளம் கிடைப்பது கட்டுப்பாட்டுக்கு. பாட்டில் தாளம் விழும் அந்த நொடியில் படம் உருக வேண்டும், டைரக்டர் கேட்டால் இன்னும் கொஞ்சம் குறைவாக உருக வேண்டும், நாளைக்கு மறுபடி கேட்டால் அதே மாதிரி உருக வேண்டும். டேட்டாமோஷிங் என்ற உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். வீடியோ ஃபைலில் சில ஃபிரேம்கள்தான் முழுப் படம். மற்றவை எது எந்தப் பக்கம் நகர்ந்தது என்ற குறிப்பு மட்டும். நடுவில் வரும் முழுப் படத்தை எடுத்துவிட்டால், அடுத்த காட்சியின் அசைவு பழைய காட்சியின் மேல் ஏறிவிடும். நடந்து போகிறவரின் முகத்தில் கடல் அலை அடிக்கும். இதைத் தற்செயலாக ஒருமுறை செய்வது எளிது. சொன்ன இடத்தில் சொன்னபடி செய்ய வீடியோ எப்படிச் சுருக்கப்படுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது தெரிந்தவர் மோஷன் கிராஃபிக்ஸ், விஎஃப்எக்ஸ் கம்போசிட்டிங் (சினிமாவில் பல படங்களை ஒன்றாகச் சேர்த்துக் காட்சி ஜாலம் செய்வது), கேம், நிகழ்ச்சி மேடைகளின் திரைக் காட்சி, கிரியேட்டிவ் கோடிங் (நிரல் எழுதிக் கலை செய்வது) என்று எந்தப் பக்கமும் போகலாம். வீடியோ மென்பொருள் எழுதும் இடத்துக்கும் போகலாம்.

பெற்றோர் யாரும் யோசிக்காத ஒரு பக்கத்தையும் சொல்கிறேன். உடைந்ததைக் காப்பாற்றுவதும் ஒரு வேலை. டிவி மேல் காந்தம் வைத்த அதே நாம் ஜூன் பைக் 1988-ல் கொரியாவின் தேசிய நவீனக் கலை மியூசியத்தில் 1,003 டிவி பெட்டிகளை அடுக்கி ஒரு கோபுரம் கட்டினார். பழைய குழல் டிவிகளை இப்போது யாரும் தயாரிப்பதில்லை. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கெட்டுப்போய் 2018-ல் கோபுரத்தையே அணைக்க வேண்டி வந்தது. பழுது பார்த்து, பல பெட்டிகளுக்குப் பதிலாகத் தட்டைத் திரைகள் பொருத்தி, 2022-ல் மறுபடி ஒளிரச் செய்தார்கள். எது கலைஞர் வேண்டுமென்றே செய்த கோளாறு, எது வயதானதால் வந்த கோளாறு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்த மாதிரி இடங்களுக்கு வேண்டும். இந்தியாவில் இப்போதைக்கு இத்தகைய வேலைகள் குறைவு. ஆனாலும் பழைய படச்சுருள், ஒலிநாடா, வீடியோ டேப் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறிக்கொண்டிருக்கும் காலம் இது.

பயமுறுத்தும் பக்கத்தையும் மறைக்க மாட்டேன். விஎஃப்எக்ஸ் துறையில் வேலை நிலையானது இல்லை. ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2013 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது. அதே மாதம்தான் அதன் வேலைக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. விருது வாங்கும் நிறுவனத்திலேயே அந்த நிலை என்றால், ஒரே ஒரு சாஃப்ட்வேரை மட்டும் கற்றுக்கொண்டு ஒரே ஒரு வேலையை நம்பி இருக்கக் கூடாது. நிரல் எழுதத் தெரிவது இங்கேதான் கைகொடுக்கும்.

சரி, எங்கே சேர்ப்பது? ஐஐடி பாம்பே நடத்தும் யுசீட் (UCEED) என்ற டிசைன் நுழைவுத் தேர்வை ப்ளஸ் டூவில் எந்த குரூப் படித்தவர்களும் எழுதலாம், அதில் தேறினால் சேரும் பி.டெஸ். (டிசைன் இளநிலை) நாலு வருடம். என்ஐடி (NID) என்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்குத் தனி நுழைவுத் தேர்வு. இரண்டுக்கும் ப்ளஸ் டூ பொதுத்தேர்வுக்குப் பல மாதம் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும், ரிசல்ட் வரட்டும் என்று காத்திருந்து ஏமாந்தவர்கள் நிறைய. போட்டி கடுமைதான், அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். சென்னையில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது, 1850-ல் தொடங்கியது, விஷுவல் கம்யூனிகேஷன் டிசைனும் அங்கே உண்டு. தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் அனிமேஷன், விஎஃப்எக்ஸ் படிக்கலாம். அரசு நிறுவனங்கள் என்பதால் கட்டணம் கையைக் கடிக்காது.

உங்கள் மகளுக்கு என்று கேட்டால் என் முதல் தேர்வு வேறு. அவள் கணக்கில் திடமாக இருப்பதால் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் அல்லது பிசிஏ சேரட்டும். மூன்று வருடமும் கூடவே படங்கள் செய்துகொண்டிருக்கட்டும். அப்புறம் சீட் (CEED) என்ற நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெஸ். (டிசைன் முதுநிலை) போகலாம், ஆனால் மூன்று வருடப் பட்டத்தை எந்தெந்த இடத்தில் ஏற்கிறார்கள் என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். என்ஐடியின் காந்திநகர் வளாகத்தில் நியூ மீடியா டிசைன் என்றே ஒரு முதுநிலைப் படிப்பு இருக்கிறது, அதற்கு என்ஐடியின் தனித் தேர்வுதான். நிரலும் தெரிந்த, கண்ணும் உள்ள ஆள் இந்தத் துறையில் குறைவு. இந்த வழி அவள் ஒத்துக்கொண்டால் மட்டும். இப்போதே டிசைன்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் தடுக்காதீர்கள், யுசீட்டை எழுதட்டும்.

இன்றே தொடங்க வேண்டியது போர்ட்ஃபோலியோ, அதாவது அவள் செய்த வேலைகளின் தொகுப்பு. ஒவ்வொரு வேலைக்கும் அசல் படம், உடைந்த படம், எதை எப்படி மாற்றினாள் என்று நாலு வரி. வீடியோ செய்கிறாள் என்றால் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் ஒரு கார்ட்டூனில் வேகமாகச் சிவப்பும் நீலமும் மின்னியதைப் பார்த்து அறுநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வலிப்பு வரக்கூடியவர்களை நினைத்து, ஒரு நொடியில் மூன்று மின்னலுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது இன்று பொதுவான விதி. கிளிட்ச் செய்கிறவர்கள் அடிக்கடி மீறுவதும் இதைத்தான். இதைக் கவனித்துச் செய்திருக்கிறாள் என்றாலே பார்க்கிறவர்களுக்கு அவள் மேல் நம்பிக்கை வந்துவிடும்.

கடைசியாகப் பணம். லட்சக்கணக்கில் கட்டணம் கேட்டு, "வேலை உறுதி" என்று சொல்லும் தனியார் அனிமேஷன் பயிற்சி மையங்களில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். போன வருடம் முடித்த மாணவர்களின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள், அவர்களில் இரண்டு பேரிடமாவது நேரில் பேசுங்கள். கல்விக் கடன் எடுக்கச் சொல்லி மையமே படிவத்தை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இப்போது அவளுக்குத் தேவையான பிராசஸிங், பிளெண்டர், ஆடாசிட்டி, எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள்கள் எல்லாமே இலவசம், வீட்டில் இருக்கும் கம்ப்யூட்டரிலேயே பழக ஆரம்பிக்கலாம். புது லேப்டாப்பை அட்மிஷன் முடிந்து, எந்த சாஃப்ட்வேர் வேண்டும் என்று கல்லூரியில் கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.